சூளைக்கு முதல் தீ யார் வைப்பது?

போர் முடிந்தால் முதலில் வந்து சேருவது தையல் மிஷின். நிவாரணப் பணம் அலைய வைக்கும். வேலை உத்தரவு கிடப்பில் கிடக்கும். செத்தவனுடைய டிரங்குப் பெட்டிகூட ரயில் மாறி எங்கெங்கோ போய்விட்டுத்தான் வீட்டுக்கு வரும். தையல் மிஷின் மட்டும் சொன்ன தேதிக்குச் சாமந்தி மாலை சுற்றிக்கொண்டு மேடையில் வந்து நிற்கும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மறு மாதமே ரவிக்கை தைக்கும் ஆசை பொங்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ, தெரியாது. இந்த இலாகாவில் தலை நரைத்து ஓய்வும் பெற்றாயிற்று, எனக்கு இன்னும் தெரியவில்லை.

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் 'போருக்குப் பின் மறுவாழ்வில் பெண்களின் பங்கு' என்று தனி வகுப்பே இருக்கிறதாம். சந்தோஷம். எங்கள் காலத்தில் அந்தப் பங்கு மிகவும் எளிமையானது. மேடையில் வரிசையாக உட்கார வேண்டும், மாலை போட்டால் குனிய வேண்டும், போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான். பேச்செல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் அப்போது விருத்தாசலத்தில் முக்கிய சேவிகா. ஒன்றியத்துக் கிராமங்களில் பெண்களுக்கான திட்டங்களைப் பார்த்துக்கொள்பவள் என்று அர்த்தம். எங்கள் சேர்மன் அகராதியில் வேறு அர்த்தம் இருந்தது: கூட்டத்துக்கு டீ சொல்லி அனுப்புகிறவள்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த போர் முடிந்ததும் இப்படி ஒரு விழா வைத்தார்கள். மங்கலம்பேட்டை நூர்ஜஹானை அங்கேதான் முதலில் பார்த்தேன். அவள் புருஷன் ராணுவத்தில் லாரி ஓட்டியவன். இத்தா என்னும் துக்கக் காலம் முடிந்து அவள் வாசல் தாண்டிய முதல் நாள் அது. 'வீரத் திருமகள்' என்று ஆளாளுக்கு அரைமணி நேரம் முழங்கினார்கள். நடுவில் அவள் என் பக்கம் சாய்ந்து, "நானு ஒரு வார்த்த பேசலாமாங்க?" என்று கேட்டாள். நான் எழுந்துபோய் சேர்மன் காதில் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு கருணை வழிந்தது. "வேணாம்மா, அழுதுடும் அது" என்றார்.

அழுவதாவது! கூட்டம் கலைந்த பிறகு என்ன பேச இருந்தாய் என்று கேட்டேன். "எனக்குத் தைக்கத் தெரியாதுங்க. எங்க தெருவுல ஏற்கெனவே ஏகப்பட்ட தையக்காரங்க இருக்காங்க. வேற எதுனா வேல குடுங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள். அந்த மிஷின் அவள் பிள்ளைகளுக்குப் படிக்கிற மேஜையாக ரொம்ப நாள் உழைத்தது. நல்ல மேஜை.

எழுபத்தொன்றில் மறுபடி போர் வந்தது. மறுபடி டிரங்குப் பெட்டிகள் வந்தன. இந்த முறை மேலே யாருக்கோ கொஞ்சம் புத்தி வந்திருக்க வேண்டும். ஊரில் பீங்கான் தொழில் சூடு பிடித்திருந்த நேரம். தொழிற்பேட்டையில் சூளையோடு சேர்த்து ஒரு ஷெட் ஒதுக்கி, போரில் கணவனை இழந்த பெண்கள் சங்கமாகச் சேர்ந்து ஊறுகாய் ஜாடியும் ஃப்யூஸ் கட்டையும் செய்யலாம் என்று உத்தரவு வந்தது. நூர்ஜஹானை நானே போய் அழைத்து வந்தேன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து அஞ்சலை தானாக வந்தாள். கூட இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள்.

அஞ்சலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பிள்ளையோடு தாலி அறுத்தவள். வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக மாமியார் அவளைக் கொல்லைப்புற அறைக்கு மாற்றியிருந்தாள். முதல் நாள் என் ஆபீஸுக்கு வந்தபோது வாசலில் நின்றுகொண்டு, "நீங்க எங்கனா கெளம்புறீங்களாங்க? கெளம்புறதுன்னா சொல்லுங்க, ஒதுங்கிக்கிறேன்" என்றாள். கிண்டலாகக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. போகப் போகத் தெரிந்தது, அவள் எல்லாவற்றையும் அந்த ஒரே குரலில்தான் சொல்வாள்.

மண் பிசைந்தது, அச்சில் வார்த்தது, காயவைத்தது எல்லாம் சொன்னால் நேரம் போதாது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யார் செய்த ஜாடி எது என்று தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் ஈரமாக இருக்கும்போதே அடியில் தன் பேரைக் கீறிவைத்தாள் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எதில் வந்தது என்றால், இந்தப் பெண்களின் மறுவாழ்வுக்கென்று ஒரு குழு போட்டார்கள். குழுவில் சேர்மன், அரிசி ஆலைக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார், அப்புறம் சேர்மனுடைய மச்சான். விதவைகள் மறுவாழ்வுக் குழுவில் ஒரு விதவைகூட இல்லை. ஏனய்யா என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல்?" என்று சேர்மன் அனுதாபப்பட்டார். அந்த மச்சானுக்குப் பேட்டையில் ஏற்கெனவே ஒரு ஷெட் இருந்தது. இரண்டாவதும் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. பெண்களால் சூளை நடத்த முடியாது, நிர்வாகத்தை மச்சான் பார்த்துக்கொள்ளட்டும், பெண்கள் அவரிடம் தினக்கூலிக்கு வந்து போகட்டும் என்று குழு சிந்தித்து வைத்திருந்தது.

மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி யார் பக்கமும் சாய விரும்பாதவர். சாய்ந்தால் பிற்பாடு விசாரணை வரும் என்ற பயம். "முதல் சூளை யார் பொறுப்பில் எரிகிறதோ அவர்கள் பேருக்கே ஷெட். நானே நேரில் வந்து பார்த்து உத்தரவு போடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருந்தது. ஷெட் கைக்கு வந்தால் அஞ்சலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கே குடிவந்துவிடலாம் என்று இருந்தாள். வராவிட்டால் மறுபடி அந்தக் கொல்லைப்புற அறைதான்.

வெள்ளிக்கிழமை காலை. ராகு காலம் பிறப்பதற்குள் தீ மூட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஷெட்டில் மாவிலைத் தோரணம், வாழைமரம், வாடகை நாற்காலிகள். வாசல் சுவரில் திறப்பு விழாக் கடப்பைக் கல் ஒன்றைச் சாய்த்து வைத்து அதன்மேல் மஞ்சள் துணி போர்த்தியிருந்தார்கள். சேர்மன் தன் சம்சாரத்தை அழைத்துவந்திருந்தார். பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம். நாற்காலியில் அமர்ந்து முகத்தை விசிறிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

சூளை மேஸ்திரி எண்ணெய்த் துணி சுற்றிய பந்தத்தைக் கொண்டுவந்தார். அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். சேர்மன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"இரும்மா, இரு. மொத தீ. மங்களகரமான காரியம். சுமங்கலி கையால ஏத்துறதுதான் மொற. எங்க வூட்ல வந்திருக்காங்க, அவங்க ஏத்திடுவாங்க. நீங்கள்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். போரில் புருஷனை இழந்தவர்களுக்கான ஷெட். அந்த ஒரே தகுதியில்தான் அவர்களுக்கு அது கிடைத்தது. அந்த ஷெட்டில் தீ மூட்டுவதற்கு அவர்களுக்கு இருந்த ஒரே குறை, புருஷன் இல்லை என்பது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தம்மா ஏற்றினால் சூளை அவர்கள் பொறுப்பு, ஷெட் அவர் தம்பியான மச்சானுக்கு. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அஞ்சலை கோபப்படவே இல்லை. அதே குரலில், "சரிங்க சேர்மன் ஐயா. அம்மாவே வெக்கட்டும்" என்றாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "ஏங்க மேஸ்திரி, நம்ம பேட்டையில மொற எப்பிடிங்க? தீ வெச்சவங்கதான சூள அணையிற வரைக்கும் கூடவே இருக்கணும்? சரக்கு ஒடஞ்சா நஷ்டமும் அவங்க தலையிலதான?" என்று கேட்டாள்.

மேஸ்திரி நேர்மையான மனிதர். "ஆமாம்மா. தீ வெச்சவங்க சூள. லாபமோ நஷ்டமோ அவங்களுது. எங்கப்பா காலத்துலருந்து அப்பிடித்தான்" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களாங்க? அம்மா வெக்கட்டும். ஒடையிறதுக்கு உங்க வூட்ல பொறுப்பு எடுத்துக்குங்க. நாங்க தள்ளி நிக்கிறோம்."

மச்சானுக்கு முகம் வெளிறிவிட்டது. தொழில் தெரிந்தவன் அல்லவா! சேர்மனைத் தனியே இழுத்துப்போய் அவன் கிசுகிசுத்தது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "மாமா, புதுச் சூள. ஈரம் இருக்குது. கண்டிப்பா வெடிக்கும். நம்ம தலையில வாங்கிக்காதீங்க."

சேர்மன் திரும்பி வந்தபோது சாஸ்திரம் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் சம்சாரத்துக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மங்களம் வேண்டும், நஷ்டம் வேண்டாம். அந்தம்மா விசிறுவதை நிறுத்தியிருந்தார்.

இந்த இடத்தில் அதிகாரியோடு வந்த குமாஸ்தாவுக்கு ஒரு யோசனை உதித்தது. இந்த மாதிரி ஆட்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எல்லாருக்கும் நல்லவராக ஒரு வழி சொல்வார்கள். "சார், மங்கலம்பேட்டை அம்மா முஸ்லிம்தானே? அவங்களுக்கு இந்தச் சாங்கியம் கிடையாது. அவங்க ஏத்தட்டுமே. யாருக்கும் மனக்குறை இல்ல" என்றார். எல்லோருக்கும் நிம்மதி.

நூர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பேசலாமா என்று இந்த முறை யாரையும் கேட்கவில்லை.

"நான் ஏத்துறேங்க, அதுக்கென்ன. ஆனா நான் மட்டும் தனியா ஏத்துனா, அஞ்சல கை ஆவாத கைன்னு நானும் சேந்து சொன்ன மாதிரி ஆயிடும். அவளும் நானும் ஒரே வேலயத்தான் செஞ்சோம். சேந்து வெக்கச் சொல்லுங்க, வெக்கிறோம். இல்லன்னா எனக்கும் வேணாம்."

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தம் புகைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சேர்மன் கண் என் கழுத்தில் விழுந்தது.

"அடடே! நம்ம சேவிகா அம்மா இருக்காங்களே! சுமங்கலி. சர்க்கார் ஆளு. அவங்க ஏத்தட்டும். கெவர்மென்ட்டே ஏத்துன மாதிரி." மேஸ்திரி கையிலிருந்து பந்தத்தை வாங்கி என் கையில் திணித்தேவிட்டார். மச்சான் பலமாகத் தலையாட்டினான். ஆட்டமாட்டானா? நான் ஏற்றினால் நஷ்டம் சர்க்காருக்கு. பெண்கள் பொறுப்பில் எரியவில்லை என்று ஆகிவிடும். ஷெட் நாளைக்கே குழுவிடம் போய்விடும். குழு யார் என்பதுதான் தெரியுமே.

அதிகாரி என்னைப் பார்த்து, "சீக்கிரம் முடிங்கம்மா, எனக்கு பெண்ணாடத்துல இன்னொரு மீட்டிங்" என்றார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. சேர்மன் நினைத்தால் என்னை மாவட்டத்தின் மறு கோடிக்குத் தூக்கி அடிக்க முடியும். வீட்டுக்காரருக்கு உள்ளூரில் ஸ்கூல் வாத்தியார் வேலை. பொய் சொல்ல மாட்டேன், ஏற்றிவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. நிமிர்ந்தபோது அஞ்சலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. முதல் நாள் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, கிளம்புகிறீர்களா, ஒதுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாளே, அதே பார்வை.

எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ தெரியாது. அதிகாரியிடம் சொன்னேன்: "சார், இந்தத் தாலி எங்க வீட்டுக்காரர் கட்டினது, சர்க்கார் கட்டினது இல்ல. டூட்டி நேரத்துல இத ஆபீஸ் வேலைக்கு உபயோகிக்கலாம்னு ரூல் இருக்கா? இருந்தா எழுத்துல குடுத்துடுங்க. ஏத்திடறேன்."

அதிகாரி ஆடிப்போய்விட்டார். எழுத்தில் கொடுப்பதா! பாம்பைத் தொடச் சொன்னால்கூடத் தொட்டிருப்பார். "அதெல்லாம்... ஆபீஸ் இதுல தலையிட முடியாது. சங்கத்துக்காரங்க விருப்பம்" என்று முனகிக்கொண்டு ஜீப் பக்கம் பார்த்தார்.

வெல்டன் என்று நீங்கள் கைதட்டிவிடாதீர்கள். அவ்வளவு வீராப்பாகப் பேசிவிட்டு, பந்தத்தைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலைதான் வந்தாள். "குடுங்கம்மா, கைய சுட்டுடப் போவுது" என்று வாங்கிக்கொண்டாள். நூர்ஜஹான் ஓடிவந்து கூடப் பிடித்தாள். மற்ற பெண்களும் ஒருத்தி தோளை ஒருத்தி தொட்டுக்கொண்டு நின்றார்கள். அடுப்பு வாயில் தீ குப்பென்று பிடித்தது. வானம் இடியவில்லை. அரிசி ஆலைக்காரர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேர்மன் சம்சாரத்தோடு அப்போதே கிளம்பிப் போய்விட்டார். மஞ்சள் துணி போர்த்திய கல்லை யாரும் திறக்கவில்லை. அதிகாரி பெண்ணாடத்துக்குப் போனார். பெண்கள் சூளை அணையும் வரை அங்கேயே கிடந்தார்கள்.

சூடு ஆறிச் சூளையைப் பிரித்த அன்று அழைக்காமலே முதலில் வந்து நின்றது மச்சான்தான். அவன் சொன்னது சரியாகப் போயிற்று. ஏகப்பட்ட ஜாடிகள் வெடித்திருந்தன. நல்லது பாதி, ஓடு பாதி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் ஒரு உடைந்த ஜாடியைக் காலால் உருட்டிவிட்டு, "அப்பவே சொன்னேன். பாவம், இப்ப யாரு நஷ்டம்?" என்றான்.

அஞ்சலை உடைசலைக் கூடையில் அள்ளிக்கொண்டே, "எங்க நஷ்டங்க. நாங்க பாத்துக்கிறோம். நீங்க ஓரமா நில்லுங்க, காலுல குத்திடப் போவுது" என்றாள்.

'எங்க நஷ்டம்' என்று ஒருத்தி அவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. சேலை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது, மிஷின் கொடுக்கப்பட்டது, அனுதாபம் வண்டி வண்டியாகக் கொடுக்கப்பட்டது. நஷ்டப்படும் உரிமையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த நஷ்டத்தைப் பார்த்துத்தான் ஷெட் சங்கத்தின் பேருக்கு வந்தது. தீ வைத்தவர்களே நஷ்டத்தையும் ஏற்றுக்கொண்டதால் அதிகாரியால் வேறு எதுவும் எழுத முடியவில்லை. என்னை மாற்றினார்களா என்று கேட்பீர்கள். மாற்றினார்கள், அடுத்த வருஷமே. போனால் போகிறது.

மாற்றல் வருவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம் ஷெட் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. சேர்மன் சம்சாரம், தனியாக. ஊறுகாய் ஜாடி வேண்டும் என்று வந்தவர் கண்ணை ஓடவிட்டு, "அன்னிக்கி ஒரு கல்லு வெச்சிருந்தாங்களே, எம் பேரு போட்டு. அது எங்க?" என்று கேட்டார்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அஞ்சலை முழங்கை வரை மண்ணோடு நிமிர்ந்து, "இதாங்க" என்றாள். கவிழ்த்துப் போட்ட அந்தக் கல்லின்மேல்தான் அவள் மண் பிசைந்துகொண்டிருந்தாள்.

"திருப்பிக் காட்டு."

இரண்டு பேர் சேர்ந்து திருப்பித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். விழாவுக்கு முன்பே செதுக்கி முடித்த எழுத்து. அந்தம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். குழு உறுப்பினர்கள் அத்தனை பேர் பெயரும் இருந்தது. கடைசியில், 'முதல் தீ ஏற்றியவர்: திருமதி ராஜமாணிக்கம்.'

அவர் இன்னொரு தடவை படித்தார். "இதுல எம் பேரு எங்க இருக்குது? இது அவரு பேருல்ல?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கவுத்தே போட்டுடு" என்றார்.

அஞ்சலை கேட்டாள், "உங்க பேரு என்னாங்க?"

அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பட்டு. பட்டம்மா. எங்கம்மா வூட்டுல பட்டுன்னு கூப்புடுவாங்க."

அஞ்சலை ஈர ஜாடி ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அடியில் 'பட்டு' என்று கீறி வைத்தாள். "அடுத்த சூளையில வெந்துடும். வந்து வாங்கிக்குங்க" என்றாள். வந்து வாங்கிக்கொண்டும் போனார், அதுவும் தனியாகத்தான்.

நாளைக்கு உங்கள் திட்டங்களுக்கும் கல் கொண்டுவருவார்கள், வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே. சண்டை போடாதீர்கள். மரியாதையாக வாங்கி வையுங்கள். பின்பக்கம் சமமாக இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.